வெளிநாட்டில் சமூகவியல் படிக்க: கேள்வியிலிருந்து கள ஆய்வு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டில் சமூகவியல் படிக்க முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் நாட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இங்கிலாந்தா, ஜெர்மனியா, அமெரிக்காவா என்று பட்டியல் போட்டு, அப்புறம் தரவரிசையைப் பார்த்து, கடைசியில்தான் என்ன படிக்கப்போகிறோம் என்று யோசிக்கிறார்கள். வேறு சில படிப்புகளுக்கு இந்த வரிசை ஒத்துவரலாம். சமூகவியலுக்கு ஒத்துவராது. ஒரே பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒரு துறையில் நாள் முழுக்கப் புள்ளியியல் நடக்கும். இன்னொன்றில் மாணவரை ஆறு மாதம் ஒரு தொழிற்சாலை வாசலில் நிற்க வைப்பார்கள். மற்றொன்றில் தத்துவத்தை ஒட்டிய கோட்பாடுதான் எல்லாமே. இடம் பொருந்தாமல் போனால், நல்ல பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டே உங்கள் ஆய்வுக்கு வழிகாட்ட ஆள் இல்லாமல் தவிக்க நேரிடும்.

அதனால் இங்கே வரிசை வேறு. முதலில் உங்கள் கேள்வி, அடுத்து அதற்கான ஆய்வு முறை, பிறகு பணம். நாடு அதற்கப்புறம் தானாகவே வந்து விழும்.

முதல் படி: தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

'புலம்பெயர்வு பற்றி ஆராய ஆசை', 'பாலினம் பற்றிப் படிக்க ஆசை' என்று சொன்னால் கேட்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. இவை தலைப்புகள். முதுகலைக்கோ பிஎச்டிக்கோ விண்ணப்பிக்கிறவரிடம் துறை எதிர்பார்ப்பது கேள்வியை.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். ஒருவருக்குச் செயலி வழியாக வேலை செய்யும் டெலிவரித் தொழிலாளர்கள் மீது அக்கறை. முதல் வரைவில் அவர் எழுதுவது: 'டெலிவரித் தொழிலாளர்களின் வாழ்க்கை நிலை'. இதில் என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இல்லை. இரண்டாவது வரைவு: 'டெலிவரித் தொழிலாளர்கள் ஏன் சுரண்டப்படுகிறார்கள்?' இதில் கேள்விக்குறி இருக்கிறது, ஆனால் பதிலும் உள்ளேயே இருக்கிறது. மூன்றாவது: 'மேலாளரை நேரில் பார்த்தே இராத, ஒருவருக்கொருவர் போட்டியாக நிறுத்தப்பட்ட தொழிலாளர்கள் சில நகரங்களில் ஒன்றுசேர்ந்து வேலைநிறுத்தம் செய்கிறார்கள், சில நகரங்களில் செய்வதில்லை. வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?'

மூன்றாவதில் ஒரு புதிர் இருக்கிறது, ஓர் ஒப்பீடு இருக்கிறது. முக்கியமாக, அது வேலையை எப்படிச் செய்வது என்றும் சொல்லிவிடுகிறது. ஆர்டருக்காகக் காத்திருக்கும் இடங்களில் நின்று பார்க்கலாம், நேர்காணல் எடுக்கலாம், வேலைநிறுத்தங்களைப் பட்டியலிட்டு நகரவாரியாக ஒப்பிடலாம். தேடுவதற்கான சொற்களும் கிடைத்துவிட்டன: தொழிலாளர் சமூகவியல், பொருளாதாரச் சமூகவியல், சமூக இயக்கங்கள். இனி எந்தத் துறையில் இந்த மூன்றில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

ஒரு சின்னச் சோதனை. உங்கள் கேள்விக்கு வரக்கூடிய பதில் உங்களையே ஆச்சரியப்படுத்த வாய்ப்பிருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் எழுதியிருப்பது கருத்து. அதை வைத்து நல்ல பத்தி எழுதலாம், ஆய்வு செய்ய முடியாது.

இளங்கலைக்குப் போகிறவர்களுக்கு இவ்வளவு கூர்மை தேவையில்லை. எந்த இரண்டு மூன்று விஷயங்கள் தூக்கத்தைக் கெடுக்கின்றன என்று தெரிந்திருந்தால் போதும்.

இரண்டாம் படி: எந்த மரபு உங்களுக்குச் சரிப்படும்?

இந்தப் படியைத்தான் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் தரவரிசையைப் பார்க்கும் நேரத்தையெல்லாம் இதற்குச் செலவிட வேண்டும்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறை 1892இல் தொடங்கியது. நகரத்தையே ஆய்வுக்கூடமாக எடுத்துக்கொண்டு, குடியிருப்புகளுக்குள் போய்ப் பார்த்து எழுதும் பழக்கத்தை 1920களில் அந்தத் துறைதான் வலுவாக நிலைநிறுத்தியது. இன்றைக்கும் நகர்ப்புறக் கள ஆய்வு என்றால் அந்தப் பெயர் வராமல் இருக்காது. அதே அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் மாதிரிக் கணக்கெடுப்புகளின் தலைநகரம். அங்குள்ள சமூக ஆய்வு நிறுவனம் 1968 முதல் ஒரே குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து வருமானத் தகவல்களைத் திரட்டி வருகிறது. விஸ்கான்சின்–மேடிசன், பெற்றோரின் நிலை பிள்ளைகளின் நிலையை எப்படித் தீர்மானிக்கிறது என்ற ஆய்வில் நீண்ட காலமாகப் பெயர் பெற்றது. பெர்க்லியில் அரசியல், உழைப்பு, கோட்பாடு.

பிரிட்டனில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் 1904இலேயே சமூகவியலைத் தொடங்கிவிட்டது. ஆக்ஸ்ஃபர்டின் துறை எண் சார்ந்த ஆய்வுக்குச் சாய்வு கொண்டது; நஃபீல்ட் கல்லூரி அதன் முக்கியக் களம். எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில்தான் 1967 முதல் நாட்டின் சமூக அறிவியல் தரவுக் காப்பகம் இருக்கிறது. பெரிய குடும்பக் கணக்கெடுப்பையும் அங்கிருந்தே நடத்துகிறார்கள். அறிவியலும் தொழில்நுட்பமும் சமூகத்துக்குள் எப்படி உருவாகின்றன என்பது உங்கள் கேள்வியானால் எடின்பரோவையும் லாங்காஸ்டரையும் பாருங்கள். பண்பாடு, நகரம், காட்சி சார்ந்த ஆய்வு முறைகள் என்றால் கோல்ட்ஸ்மித்ஸ்.

ஜெர்மனிக்குள்ளேயே பெரிய வித்தியாசங்கள் உண்டு. மன்ஹைம் முழுக்க முழுக்கப் புள்ளியியல் பக்கம். பிராங்க்பர்ட், 1923இல் தொடங்கிய சமூக ஆய்வு நிறுவனத்தின் வழியாக, சமூகத்தின் அதிகார உறவுகளைக் கேள்வி கேட்கும் விமர்சனக் கோட்பாட்டின் ஊர். பீலஃபெல்ட் பல்கலைக்கழகம் 1969இல் சமூகவியலுக்கென்றே தனிப் புலம் அமைத்தது. சமூகத்தைப் பல அமைப்புகளின் தொகுப்பாகப் பார்க்கும் அமைப்புக் கோட்பாடு அங்கே வளர்ந்தது. நெதர்லாந்தில் உத்ரெக்ட்டும் குரோனிங்கனும் கோட்பாட்டைச் சோதித்துப் பார்க்கக்கூடிய கருதுகோள்களாக மாற்றுவதில் கறாரானவை. ஆம்ஸ்டர்டாமில் கள ஆய்வுக்கு இடம் அதிகம்.

வட ஐரோப்பாவுக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. சுவீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து நாடுகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதன்மூலம் மொத்த மக்கள்தொகையின் கல்வி, வருமானம், இடப்பெயர்வு, குடும்பம் பற்றிய அரசுப் பதிவேடுகளை, பெயரை மறைத்து, ஒன்றோடொன்று இணைத்து ஆராய முடிகிறது. 'ஒரே பள்ளியில் படித்த புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளும் மற்றவர்களும் இருபது வருடம் கழித்து எங்கே நிற்கிறார்கள்?' என்ற கேள்விக்கு வேறு நாடுகளில் ஆயிரம் பேரைக் கேட்டு ஊகிக்க வேண்டும். ஸ்டாக்ஹோமில் எல்லோரையும் பற்றிய பதிவையே பார்க்கலாம். ஆனால் உங்கள் கேள்வி ஒரு சமூகத்தின் மௌனங்களைப் பற்றியது என்றால் இந்தப் பதிவேடுகளால் உங்களுக்குப் பயனில்லை.

பாரிசில் சமூக அறிவியலுக்கென்றே இருக்கும் உயர் ஆய்வுப் பள்ளி அருமையான இடம். ஆனால் அங்கே முழுப் பயன் பெற பிரெஞ்சு வேண்டும். கருத்தரங்குகள் பெரும்பாலும் அந்த மொழியில்தான். வியன்னாவுக்கு 2019இல் இடம்பெயர்ந்த மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலும் சமூக மானுடவியலும் ஒரே துறையாக, ஆங்கிலத்தில் நடக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: எந்தப் பட்டம்?

பிரிட்டனில் முதுகலை ஒரே வருடம். செப்டம்பரில் சேர்ந்து, மே மாதத்துக்குள் வகுப்பும் கட்டுரைகளும் முடிந்து, கோடையில் 10,000 சொல்லை ஒட்டியோ கூடவோ ஓர் ஆய்வேடு எழுதி முடிக்க வேண்டும். வேகம் அதிகம். ஏற்கெனவே சமூகவியல் படித்தவருக்கு அது லாபம். பொறியியலிலிருந்தோ வணிகவியலிலிருந்தோ வருகிறவருக்கு, கோட்பாடு பிடிபட ஆரம்பிக்கும்போது வருடம் முடிந்திருக்கும். துறை மாறி வருகிறவர்களுக்கு ஐரோப்பிய நாடுகளின் இரண்டு வருட முதுகலைதான் என் பரிந்துரை.

அமெரிக்காவில் கணக்கே வேறு. முதுகலை இல்லாமல், இளங்கலையிலிருந்து நேராகப் பிஎச்டிக்கு விண்ணப்பிக்கலாம். முதல் இரண்டு வருடம் வகுப்புகள், அப்புறம் தகுதித் தேர்வுகள், பிறகு ஆய்வு. மொத்தம் ஐந்திலிருந்து ஏழு வருடம். நல்ல துறைகள் பெரும்பாலும் கல்விக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டு, கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிக்கு ஈடாக மாத உதவித்தொகையும் தரும். இளங்கலையில் சமூகவியல் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் பல இடங்களில் இல்லை. போட்டி கடுமை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025இல் கூட்டாட்சி நிதி குறைக்கப்பட்ட பின் பல பல்கலைக்கழகங்கள் பிஎச்டி இடங்களைச் சுருக்கின. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன், அந்தத் துறை இந்த வருடம் ஆள் எடுக்கிறதா என்று அதன் பக்கத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிரிட்டிஷ் பிஎச்டியில் வகுப்புகள் குறைவு. முதல் நாளிலேயே ஆய்வுத் திட்டம் கையில் இருக்க வேண்டும், மூன்று நான்கு வருடத்தில் முடிக்க வேண்டும். சுவீடன், நார்வே, டென்மார்க், நெதர்லாந்து நாடுகளில் பிஎச்டி என்பது பெரும்பாலும் சம்பளமுள்ள வேலை. பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் விளம்பரம் வரும், விண்ணப்பிக்க முதுகலை வேண்டும், தேர்வானால் நீங்கள் ஊழியர். 'அட்மிஷன்' என்று தேடுகிறவர்கள் கண்ணில் இந்த விளம்பரங்கள் படுவதே இல்லை. ஜெர்மனியிலும் ஆராய்ச்சித் திட்டங்களில் இப்படிப் பகுதிநேரச் சம்பளத்தோடு இடங்கள் வரும்.

நான்காம் படி: பணத்தை முதலிலேயே உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்

இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். சமூகவியல் முதுகலைக்காகப் பெரிய கடன் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பிரிட்டனில் வெளிநாட்டு மாணவருக்கு முதுகலைக் கட்டணம் 20,000 பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். பெயர்பெற்ற இடங்களில் இன்னும் மேலே போகும். படித்து முடித்ததும் அங்கேயே வேலை பார்த்துக் கடனை அடைத்துவிடலாம் என்ற கணக்கும் இறுகிவிட்டது. திறன்சார் வேலை விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையில் 41,700 பவுண்டாக உயர்ந்தது. சமூகவியல் படித்தவருக்குக் கிடைக்கும் ஆரம்ப வேலைகள், அதாவது தொண்டு நிறுவனம், ஆய்வு உதவியாளர், உள்ளாட்சி போன்றவை, பெரும்பாலும் அந்த வரம்புக்குக் கீழே இருப்பவை. அமெரிக்காவிலும் படிப்புக்குப் பிந்தைய ஒரு வருட வேலை அனுமதிக்கு மேல் கிடைக்கும் இரண்டு வருட நீட்டிப்பு அறிவியல், தொழில்நுட்பப் பாடங்களுக்குத்தான். சாதாரணச் சமூகவியல் பட்டத்துக்குக் கிடையாது.

சரி, செலவைக் குறைக்க என்ன வழி?

ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, சிறிய பருவக் கட்டணம் மட்டுமே. விதிவிலக்கு உண்டு. மன்ஹைம், ஹைடல்பெர்க், ஃப்ரைபுர்க் இருக்கும் பாடன்–வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. அதோடு விசாவுக்கு ஒரு வருட வாழ்க்கைச் செலவை முடக்கப்பட்ட கணக்கில் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. அது உங்கள் பணம்தான், மாதாமாதம் திரும்பக் கையில் வரும். ஆனால் முன்கூட்டியே இருந்தாக வேண்டும். முன்பு இலவசமாக இருந்த நார்வே, 2023 இலையுதிர் பருவத்திலிருந்து ஐரோப்பியர் அல்லாதவர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. பழைய கட்டுரைகளை நம்பி நார்வேயை இலவச நாடு என்று எண்ணிவிடாதீர்கள்.

உதவித்தொகைகளில் எராஸ்மஸ் முண்டஸை முதலில் சொல்வேன். பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டு முதுகலை. உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோவும் உண்டு. புலம்பெயர்வுக்கும் பாலின ஆய்வுக்கும் இதில் தனித் திட்டங்கள் இருக்கின்றன. சமூகவியல் என்ற சொல்லை மட்டும் தேடினால் அவை அகப்படாது, உங்கள் உட்பிரிவின் பெயரைத் தேடுங்கள். பிரிட்டனுக்கு ஷெவனிங், இதற்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். காமன்வெல்த் நாடுகளின் குடிமக்களுக்கு காமன்வெல்த் உதவித்தொகை, கேம்பிரிட்ஜுக்கு கேட்ஸ், ஆக்ஸ்ஃபர்டுக்கு கிளாரண்டன், ஜெர்மனிக்கு டாட் (DAAD). அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட்.

ஏஜென்ட் பற்றி ஒரு வார்த்தை. மாணவரிடம் பணம் வாங்காமல் வேலை செய்யும் கல்வி ஏஜென்சிகளுக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் தருகிறது. கட்டணமில்லாத ஜெர்மன் முதுகலையிலோ சம்பளம் தரும் சுவீடன் பிஎச்டியிலோ அவர்களுக்குக் கமிஷன் வராது. அவர்கள் காட்டும் பட்டியலில் அவை ஏன் இல்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ஐந்தாம் படி: துறையின் பக்கத்தைப் படிக்கும் விதம்

பாட விளக்கப் புத்தகத்தில் வரும் 'உலகத் தரம்', 'பன்முகத்தன்மை' போன்ற வரிகளைத் தாண்டுங்கள். மூன்று இடங்களுக்கு நேராகப் போங்கள்.

முதலாவது, கட்டாயப் பாடங்கள். இரண்டு பருவம் புள்ளியியலும் ஒரே ஒரு தேர்வுப் பாடமாகக் கள ஆய்வும் இருந்தால், அந்தத் துறை எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிட்டது. இரண்டாவது, ஆசிரியர்கள். பெயர்களைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், கடந்த ஐந்து வருடத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் தலைப்பில் புகழ்பெற்றவர் இப்போது ஓய்வுபெறும் நிலையிலோ நீண்ட விடுப்பிலோ இருக்கலாம். ஒரே ஆளை நம்பிப் போகாதீர்கள்; குறைந்தது இரண்டு பேராவது உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது, இதைப் பலர் பார்ப்பதே இல்லை, இப்போது அங்கே பிஎச்டி செய்யும் மாணவர்களின் பக்கம். அவர்களின் ஆய்வுத் தலைப்புகள்தான் அந்தத் துறை உண்மையில் யாரை எடுக்கிறது என்பதற்கு நேரடிச் சான்று. எல்லோருமே ஒரே நாட்டுத் தரவை வைத்து வேலை செய்கிறார்கள் என்றால், வேறொரு நாட்டைப் பற்றிய உங்கள் கள ஆய்வுக்கு அங்கே வரவேற்பு எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அவர்களில் ஓரிருவருக்கு மரியாதையாக நாலு வரி எழுதிக் கேளுங்கள். நெறியாளரை, அதாவது ஆய்வுக்கு வழிகாட்டும் ஆசிரியரை, எவ்வளவு அடிக்கடி சந்திக்க முடிகிறது, உதவித்தொகையில் அந்த ஊரில் வாழ முடிகிறதா, இந்த இரண்டு கேள்வியும் போதும்.

ஆறாம் படி: விண்ணப்பக் கட்டு

ஜெர்மனிக்கு விண்ணப்பிக்கிறவர்கள் மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு, கிரெடிட்டை, அதாவது ஒவ்வொரு பாடத்தின் அளவையும் காட்டும் புள்ளியை, கவனிக்காமல் விடுகிறார்கள். அங்கே பல முதுகலைப் படிப்புகள், இளங்கலையில் சமூக அறிவியலில் இத்தனை கிரெடிட், ஆய்வு முறையிலும் புள்ளியியலிலும் இத்தனை கிரெடிட் என்று தனித்தனியாகக் கேட்கும். முதல் வகுப்பில் தேறியவரும் முறையியல் கிரெடிட் போதாமல் நிராகரிக்கப்படுவார். இதற்கு ஒரே பாதுகாப்பு, நீங்கள் படித்த ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் எடுத்து, அதில் ஆய்வு முறை எவ்வளவு, புள்ளியியல் எவ்வளவு என்று காட்டும் ஓர் அட்டவணை தயாரிப்பது. 'சமூக ஆய்வு அறிமுகம்' என்ற பாடத்துக்குள் மாதிரி எடுத்தலும் வினாப்பட்டியல் வடிவமைப்பும் இருந்திருக்கும். நீங்கள் காட்டாவிட்டால் பார்ப்பவருக்கு அது தெரியப்போவதில்லை. மூன்று வருட இளங்கலையை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்பதையும் இதோடு சேர்த்துச் சரிபார்த்துவிடுங்கள்.

எஸ்ஓபி, அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பதாரர் எழுதும் நோக்க அறிக்கை, பற்றி எழுதாத ஆள் இல்லை. அதனால் எல்லா எஸ்ஓபியும் ஒரே மாதிரி இருக்கின்றன: சிறு வயதில் பார்த்த அநீதி, அதனால் வந்த கோபம், சமூகத்தை மாற்றும் கனவு. கோபம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தேர்வுக் குழு பார்ப்பது அந்தக் கோபத்தை நீங்கள் எப்படி ஆய்வாக்கினீர்கள் என்பதை. முதல் பத்தியிலேயே கேள்வி வரட்டும். அடுத்து, இதை ஒட்டி ஏற்கெனவே செய்த வேலை: இளங்கலை ஆய்வேடு, ஒரு கணக்கெடுப்பில் வேலை பார்த்த அனுபவம், தொண்டு நிறுவனத்தில் நடத்திய நேர்காணல்கள். அங்கே எது இடித்தது, எது புரியாமல் நின்றது என்று எழுதுங்கள். 'இருபது பேரை நேர்காணல் செய்தேன்' என்பதைவிட, 'வேலை பற்றித் தாராளமாகப் பேசிய பெண்கள் கடன் பற்றிக் கேட்டதும் கணவரைப் பார்த்தார்கள். அப்போதுதான் நேர்காணலை எங்கே நடத்துகிறோம் என்பதே தரவை மாற்றுகிறது என்று புரிந்தது' என்ற வரி உங்களை ஆய்வாளராகக் காட்டும். கடைசிப் பத்தியில் ஏன் இந்தத் துறை என்பதற்கு இரண்டு ஆசிரியர்களையும், அவர்களின் எந்த ஆய்வு உங்கள் கேள்வியோடு எங்கே ஒட்டுகிறது என்பதையும் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் உங்கள் சொந்தக் கட்டுரை மாதிரிதான் அமெரிக்கப் பிஎச்டிக்கு மிகப் பெரிய ஆயுதம். பொதுவாக 15 முதல் 25 பக்கம். நீங்களே திரட்டிய தரவோ, பொதுவில் கிடைக்கும் தரவோ வைத்து வாதம் ஒன்றைக் கட்டி எழுப்பியிருக்க வேண்டும்; கோட்பாட்டாளர்கள் சொன்னதைத் தொகுத்துக் கொடுத்தால் எடுபடாது. கையில் தரவு இல்லை என்று கவலைப்பட வேண்டாம். உலக விழுமியக் கணக்கெடுப்பு 1981இலிருந்து பல நாடுகளில் நடக்கிறது, ஐரோப்பிய சமூகக் கணக்கெடுப்பு 2002இலிருந்து நடக்கிறது. இரண்டின் தரவுகளையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளும் இலவசம். ஒரு வருடம் முன்பே தொடங்கினால் சொந்தமாக ஒரு நல்ல கட்டுரை எழுதிவிட முடியும்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பதவியில் பெரியவரைத் தேடாதீர்கள். உங்கள் எழுத்தைத் திருத்திய ஆசிரியர் எழுதும் ஒன்றரைப் பக்கம், உங்களைத் தெரியாத துணைவேந்தர் எழுதும் நாலு வரியைவிட எடையுள்ளது. அவரிடம் ஆறு வாரம் முன்பே கேளுங்கள். கேட்கும்போதே உங்கள் எஸ்ஓபி வரைவு, அவர் வகுப்பில் எழுதிய கட்டுரை, கடைசித் தேதிகளின் பட்டியல் மூன்றையும் கொடுத்துவிடுங்கள்.

பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புவதா வேண்டாமா என்பது நாட்டைப் பொறுத்தது. பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் பிஎச்டிக்கு அனுப்பியே ஆக வேண்டும். நெறியாளர் சம்மதம் இல்லாமல் பல இடங்களில் விண்ணப்பம் நகராது. அமெரிக்காவில் குழுதான் முடிவு செய்கிறது, கட்டாயமில்லை. அனுப்பினால் ஒரே திரையில் முடியட்டும்: யார் நீங்கள் என்று ஒரு வரி, கேள்வி இரண்டு வரி, அவருடைய எந்தக் கட்டுரை எதற்காக உங்களை அவரிடம் கொண்டுவந்தது என்று இரண்டு வரி, அடுத்த வருடம் மாணவர் எடுக்கிறாரா என்ற கேள்வி. இரண்டு பக்க ஆய்வுத் திட்டத்தை இணைக்கலாம். மூன்று வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டுங்கள், அதோடு விட்டுவிடுங்கள்.

ஆங்கிலத் தேர்வில் சமூகவியல் துறைகள் கொஞ்சம் அதிகமாகவே எதிர்பார்க்கும்; ஐஇஎல்டிஎஸ் மொத்தம் 7 என்பதை இலக்காக வையுங்கள், எழுத்துப் பிரிவுக்குத் தனியாகத் தயாராகுங்கள். ஜிஆர்இ என்ற பொதுத் தகுதித் தேர்வைப் பல அமெரிக்கத் துறைகள் கைவிட்டுவிட்டன.

ஏழாம் படி: காலக் கணக்கு

அடுத்த வருடம் செப்டம்பரில் வகுப்பில் உட்கார வேண்டும் என்றால், இந்த வருட ஆரம்பத்திலேயே வேலை தொடங்க வேண்டும். ஆகஸ்டில் ஷெவனிங் திறக்கும். அக்டோபரிலிருந்து எராஸ்மஸ் முண்டஸ் திட்டங்கள் ஒவ்வொன்றாகத் திறந்து, பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரிக்குள் மூடிவிடும். அமெரிக்கப் பிஎச்டிகளுக்கு டிசம்பர் முதல் பாதி. ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜில் உதவித்தொகைக்கும் சேர்த்துப் பரிசீலிக்க வேண்டுமானால் டிசம்பரோ ஜனவரியோ. சுவீடன் முதுகலைகளுக்கு ஜனவரி நடு, எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே இணையதளம், 900 குரோனர் கட்டணம். ஜெர்மனியில் பொதுவான கடைசி நாள் ஜூலை 15 என்று சொல்வார்கள். வெளிநாட்டு விண்ணப்பதாரர்களுக்கும் ஆங்கிலவழி முதுகலைகளுக்கும் அது பல மாதம் முன்னதாகவே முடிந்துவிடும்.

எத்தனை இடங்களுக்கு? ஆறிலிருந்து எட்டு போதும். ஒவ்வொன்றுக்கும் எஸ்ஓபியின் கடைசிப் பகுதியைப் புதிதாக எழுத வேண்டியிருப்பதால் இருபது இடம் என்பது நடைமுறைக்கு ஒத்துவராது. அமெரிக்க விண்ணப்பக் கட்டணம் சுமையாக இருந்தால் தள்ளுபடி கேட்டு எழுதுங்கள். பல துறைகள் தருகின்றன, கேட்பதால் யாரும் குறைத்து மதிப்பிடுவதில்லை.

எட்டாம் படி: ஆஃபர் வந்த பிறகு

அமெரிக்கத் துறைகள் பலவும் நிதியோடு கூடிய இடத்துக்கு ஏப்ரல் 15 வரை யோசிக்க நேரம் தரும். அதற்கு முன்பே முடிவெடுக்கச் சொல்லி அவசரப்படுத்தினால் பணிவாக அந்த ஏற்பாட்டை நினைவுபடுத்தலாம். இரண்டு ஆஃபர் இருந்தால் தொகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். கோடை மாதங்களுக்கும் உதவித்தொகை உண்டா, மருத்துவக் காப்பீடு யார் கட்டுவது, எத்தனை வருடத்துக்கு எழுத்தில் உறுதி தருகிறார்கள், கள ஆய்வுப் பயணத்துக்குத் தனி நிதி இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

விசா செலவில் மறைந்திருப்பவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் மாணவர் சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண்டு, மொத்தப் படிப்புக் காலத்துக்கும் முன்பணமாக. 2024 ஜனவரி முதல் அங்கே வகுப்புவழி முதுகலை மாணவர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது; ஆய்வுப் பட்டத்துக்கு முடியும். குடும்பத்தோடு போக நினைக்கிறவர்களுக்கு இது ஒன்றே நாட்டை மாற்றப் போதுமான காரணம்.

ஒன்பதாம் படி: அங்கே போன பின்

வாரத்துக்கு நூற்றுக்கணக்கான பக்கங்கள் வாசிக்கத் தருவார்கள். எல்லாவற்றையும் வரி வரியாகப் படிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. வாதம் என்ன, சான்று என்ன, இதை யாருக்கு எதிராகச் சொல்கிறார் என்ற மூன்றையும் பிடித்தால் கருத்தரங்கில் பேசலாம். பேசத்தான் வேண்டும். அங்கே ஆசிரியரோடு முரண்படுவது மரியாதைக் குறைவு கிடையாது. மௌனமாக இருந்தால்தான் வாசிக்காமல் வந்திருக்கிறீர்கள் என்று நினைப்பார்கள்.

வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே ஓர் ஆபத்து இருக்கிறது, அதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். முதல் மாதத்திலேயே உங்களை உங்கள் நாட்டின் பிரதிநிதியாக ஆக்கிவிடுவார்கள். கோட்பாட்டைப் பற்றிப் பேச மற்றவர்கள், 'உங்கள் ஊரில் எப்படி?' என்று தகவல் தர நீங்கள். இதற்குப் பழகிப்போனால் ஆய்வேடும் அப்படியே ஆகிவிடும்: அவர்கள் கோட்பாடு, உங்கள் ஊர்த் தரவு. சமூகவியலின் அடிப்படைக் கருத்துகள் பல, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் தொழில் நகரங்களைப் பார்த்து உருவானவை. அவை உங்கள் களத்தில் பொருந்தாத இடம் எதுவோ, அங்கேதான் நீங்கள் துறைக்குப் புதிதாகச் சொல்ல ஏதாவது இருக்கிறது. அந்த இடத்தைத் தரவுக் குறை என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கடந்துவிடாதீர்கள், அதையே அத்தியாயமாக்குங்கள். உங்கள் சொந்த மொழியில் எழுதப்பட்ட ஆய்வுகளையும் மேற்கோள் காட்டுங்கள். நெறியாளருக்கு அந்த மொழி தெரியாதது உங்கள் குறை இல்லை. இன்னொன்றும் சொல்வேன். உங்கள் சமூகத்தைத்தான் ஆராய வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. நீங்கள் போய் இறங்கிய நாட்டின் வங்கிகளையோ முதியோர் இல்லங்களையோ நீங்கள் ஆராயலாம். வெளியாளின் கண்ணுக்கு மட்டும் தெரிகிற விஷயங்கள் அங்கேயும் இருக்கின்றன.

களம் எங்கே இருந்தாலும், ஆட்களிடம் பேசி ஆய்வு செய்வதென்றால் முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். யாரை நேர்காணல் செய்யப் போகிறீர்கள், ஒப்புதலை எப்படிப் பெறுவீர்கள், ஒலிப்பதிவை எங்கே வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள், பேசுகிறவருக்கு ஆபத்து வந்தால் என்ன செய்வீர்கள் என்று எல்லாவற்றையும் எழுதிக் கேட்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும், ஆவணமில்லாமல் வேலை செய்கிறவர்களிடமும் கையெழுத்து வாங்குவது அவர்களைப் பயமுறுத்தும். வாய்மொழி ஒப்புதலுக்குத் தனியாகக் காரணம் காட்டி அனுமதி கேட்கலாம். களம் வேறொரு நாட்டில் இருந்தால் அந்த நாட்டின் ஆய்வு அனுமதியும் தேவைப்படலாம். குழு திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்புவது சகஜம், ஒரு சுற்றுக்குச் சில வாரங்கள் ஓடிவிடும். அனுமதிக்கு முன் எடுத்த நேர்காணலைப் பொதுவாக ஆய்வேட்டில் பயன்படுத்த விடமாட்டார்கள். ஒரு வருட முதுகலையில் கோடையில் களத்துக்குப் போக வேண்டுமானால், அந்த விண்ணப்பத்தின் முதல் வரைவு பிப்ரவரிக்குள் நெறியாளர் கையில் இருக்க வேண்டும்.